ஊசி போடாத டாக்டரின் பலகை

என் வண்டிக் கொட்டகையில் ஒரு பலகை இருக்கிறது. மாமரப் பலகை. ஒரு ஆள் நீளத்துக்கு மேல் ஒரு சாண். இரண்டு ஓரத்திலும் கை நுழைகிற மாதிரி மும்மூன்று துளை போட்டு, துளையின் விளிம்பை உள்ளங்கை அறுக்காதபடி இழைத்திருக்கும். போன மாதம் நாலு பேர் காரில் வந்து இறங்கி அந்தப் பலகையைக் கேட்டார்கள். நாலு பேருமே டாக்டர்கள். தஞ்சாவூரில் டாக்டர் படிப்பு சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியரிடம் படித்தவர்கள். அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறதாம். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். "அவரைப் பத்தி நாலு நல்ல வார்த்தையும் எழுதிக் கொடுங்கய்யா" என்றார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள், உள்ள வார்த்தையை எழுதித் தருகிறேன் என்றேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினம் ரோட்டிலிருந்து தெற்கே இறங்குகிற ஒரு ஊரில் பண்ணையாள் வீட்டில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது கட்சிப் படிப்பகத்தில், பழைய பேப்பரை வைத்துக்கொண்டு. ஸ்டியரிங் பிடிக்க எவனும் சொல்லித்தரவில்லை, பார்த்துக் கற்றேன். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் கார் ஓட்டியவன் நான்தான். முதலில் சொந்த வண்டி வாங்கியவனும் நான்தான். இன்றைக்கு என் பெயர் எழுதிய வண்டிகள் நாகையிலும் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் நிற்கின்றன. அரசாங்கம் இலவச ஆம்புலன்ஸ் விடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அடிபட்டவனை அள்ளிக்கொண்டு போனது என் வண்டி. இதையெல்லாம் நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? மலரில் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பேராசிரியருக்கு எங்கள் ஊரில் வைத்த பெயர் ஊசி போடாத டாக்டர். அவர் முதல் தடவை வந்தபோது இளவயசு வாத்தியார்தான், பேராசிரியர் பட்டமெல்லாம் பின்னால் வந்தது. மூக்கில் வழுக்குகிற கண்ணாடி, தோளில் காக்கிப் பை, மூடியைக் கடித்துக் கடித்துப் பல் பதிந்த ஒரு பேனா. டாக்டர் வந்திருக்கிறார் என்று பெண்டுகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். "நான் வைத்தியம் பார்க்க வரலம்மா, விசாரிக்க வந்திருக்கேன்" என்றார். விசாரிக்கிறது என்றால் போலீசா என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை என்றதும், "ஊசி போடாத டாக்டரும் நெல்லு குத்தாத உலக்கையும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவருடைய படிப்பு என்னவென்றால், அடிபட்டவன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேருவதற்குள் அவனுக்கு என்ன நடக்கிறது என்பது. எங்கே விழுந்தான், எதிலிருந்து விழுந்தான், யார் தூக்கினார்கள், எதில் வைத்துத் தூக்கினார்கள், வழியில் என்ன குடிக்கக் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது. இதற்கெல்லாம் அச்சடித்த படிவம் வைத்திருந்தார், கட்டம் கட்டமாக. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அடிபட்டவர்கள் பெயரைப் பார்த்து ஊர் ஊராகத் தேடி வருவார். இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று நாங்கள் சிரித்தோம். எங்கள் பக்கம் அப்போது அடிதடிக்கும் அடிபட்டவனுக்கும் பஞ்சமில்லை. ஆட்சி மாறியிருந்தது, சட்டமும் மாறிக்கொண்டிருந்தது. வயல் மட்டும் மாறவில்லை. அறுவடைக்கு அறுவடை கூலிச் சண்டை. அரிவாள் வெட்டு, கம்படி, வைக்கோல் போரிலிருந்து விழுந்தவன், வண்டிச் சக்கரத்தில் கால் கொடுத்தவன் என்று அவருக்கு நல்ல வேட்டை.

அந்த வருஷம் கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டதற்கு, பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். எங்கள் தெருவிலிருந்து ரோட்டுக்குப் போகிற வண்டிப்பாதை அவருடைய களத்தை ஒட்டிப் போகும். அங்கே ஒரு இரும்புக் கேட். சண்டை மூண்டால் கேட்டில் பூட்டு விழும். பூட்டு விழுந்தால் நாங்கள் வரப்பு மேலேயும் வாய்க்கால் கரை மேலேயும் சுற்றித்தான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். வரப்பில் இரண்டு பேர் ஜோடியாக நடக்க முடியாது. அதனால் நடக்க முடியாதவனைத் தூக்குவதற்கு எங்களுக்கு ஒரே வழி தூளி. வேட்டியின் இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டி, ஆளை உள்ளே போட்டு, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன். உள்ளே கிடக்கிறவன் நாணேற்றிய வில் மாதிரி வளைந்து கிடப்பான். எங்கள் அப்பாவை அப்படித்தான் தூக்கினோம். பிள்ளைத்தாய்ச்சிகளை அப்படித்தான் தூக்கினோம். முன்பக்கம் தோள் கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோள் அசையாமல் நடப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என் தம்பி நல்ல அறுப்பாள். வயலில் வேலை இல்லை என்று ஆனதும் கூலிக்குத் தென்னை ஏறினான், பழக்கமில்லாத வேலை. ஒரு காலை வேளையில் தெருவுக்குப் பின்னால் இருந்த தோப்பில் மட்டையோடு விழுந்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தான், நல்ல நினைவோடு. "ஒண்ணுமில்லண்ணே, முதுகுலதான் வலிக்குது" என்றான். பிறகு, "காலு ரெண்டுலயும் எறும்பு கடிக்குதுண்ணே, தட்டி விடு" என்றான். குனிந்து பார்த்தேன். கட்டெறும்பு. தட்டிவிட்டேன். நான் ஓட்டிக்கொண்டிருந்த அம்பாசடர் ரோட்டில் நிற்கிறது. கேட் திறந்திருந்தால் மரத்தடிக்கே கொண்டுவந்திருப்பேன். ஆள் அனுப்பிக் கேட்டோம், சாவி இல்லை என்று பதில் வந்தது. தூளி கட்டினோம். சோடா உடைத்துக் குடிக்கக் கொடுத்தோம். நான் முன்னால், அவன் மச்சான் பின்னால். வாய்க்கால் ஏறி இறங்கும்போது ஒரு தடவை அலறினான், பிறகு சத்தமில்லை. காரில் ஏற்றும்போது அவன் கால் கதவில் இடித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே போனது போனதுதான்.

ஊசி போடாத டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. எப்படி வந்தார்? பண்ணையார் ஜீப்பில் வந்தார். மத்தியானச் சாப்பாடும் பண்ணையார் வீட்டில். அவருக்குக் கேட் திறந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். தம்பி பெண்டாட்டி தலைமாட்டில் நின்றாள். விழுந்ததும் காலில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"எறும்பு கடிச்சுதுங்க. அண்ணன்தான் தட்டிவிட்டுச்சு."

"அண்ணன் கை பட்டது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"கார்ல ஏத்தும்போது?"

தம்பி கூரையைப் பார்த்து யோசித்தான். "அப்பத் தெரியலைங்க. எனக்கு இப்பத்தான் நெனப்பு வருது."

அவர் பேனா நின்றது. என் பக்கம் திரும்பி, எப்படித் தூக்கினீர்கள் என்று செய்து காட்டச் சொன்னார். நான் ஒரு முட்டாள். பெருமையாகச் செய்து காட்டினேன். மூங்கிலை எடுத்துவந்து, வேட்டியைக் கட்டி, ஒரு நெல் மூட்டையை உள்ளே போட்டு, மச்சானைப் பின்னால் பிடிக்கச் சொல்லி வாசலில் இரண்டு சுற்று நடந்தேன். இந்தத் தாலுக்காவில் என்னைப்போல் தூக்க ஆள் கிடையாது சார் என்று வாயாலும் சொன்னேன். மூட்டை நடுவில் மடிந்து தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை அளவு வாசிக்கிற குரலில் சொன்னார்: "அப்ப மரத்துலேருந்து விழுந்ததுல போகல. தூக்கினதுல போயிருக்கு."

இதைத் தனியே கூப்பிட்டு என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே எழுதிக்கொண்டு போயிருக்கலாம். கட்டிலில் கிடப்பவன் காதிலும் அவன் பெண்டாட்டி காதிலும் விழச் சொன்னார். அவள் உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை.

நான் மூங்கிலைக் கீழே போட்டேன். "கேட் பூட்டியிருந்துச்சு சார். அதை எழுதுங்க" என்றேன்.

"அதுக்கு இதுல இடமில்லை, டிரைவர்."

"இடமில்லேன்னா ஓரத்துல எழுதுங்க."

அவர் பேனாவை மூடினார். ஜீப்பில் ஏறினார். கேட் திறந்து மூடியது.

அவருடைய வளர்ச்சிக்கு அந்தப் படிவங்கள்தான் உரம். பதவி உயர்ந்தது, வெளிநாடு போனார், வந்தார், மறுபடி போனார். விபத்துக் காயம் என்றால் தமிழ்நாட்டில் அவரைத்தான் கேட்க வேண்டும் என்று ஆயிற்று. நானும் வளர்ந்தேன். ஒரு டாக்சி, பிறகு ஒரு வேன், வேனுக்குள் படுக்கை, மேலே சிவப்பு விளக்கு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் படிவத்தோடு என் கொட்டகைக்கு வருவார், அடிபட்டவர்கள் என் வண்டியில்தானே வருகிறார்கள். என் டிரைவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன், எதைக் கேட்டாலும் ஞாபகமில்லை என்று சொல்லுங்கள் என்று. ஒருவன் தன் அப்பா பெயரைக் கேட்டதற்கே ஞாபகமில்லை என்றான். ஊசி போடாத டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். அவரோடு வந்த மாணவன் ஒருவன் வெகுளி. வருஷா வருஷம் சார் வகுப்பில் எறும்புக் கதை சொல்லுவார், அதைக் கேட்டால் கொட்டாவி விடுகிறவனும் நிமிர்ந்து உட்காருவான் என்றான். எங்கள் வீட்டு எறும்பு. அதைத் தட்டிவிட்டது இந்தக் கை. கதையில் எனக்கும் தம்பிக்கும் பெயர் இல்லையாம், 'ஒரு மரமேறி, அவருடைய உறவினர்' என்றுதான் சொல்லுவாராம். கேட்டைப் பற்றிச் சொல்வாரா என்று கேட்டேன். எந்தக் கேட் என்றான் அவன்.

பலகை வந்தது அந்தக் காலத்தில்தான். ஆசாரியிடம் சொல்லிச் செய்து, கார் மேல் கட்டிக்கொண்டு அவரே வந்தார். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவனைத் தூளியில் போடக் கூடாது, தலையை ஒருவர் இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் உருட்டிப் பலகையில் ஏற்றிக் கட்ட வேண்டும், பிறகுதான் நகர்த்த வேண்டும் என்று தரையில் படுத்தே காட்டினார். வெள்ளைச் சட்டை அழுக்கானது, கவலைப்படவில்லை. அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அவர் கார் கண்ணுக்கு மறைந்ததும் பலகையைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால் குறுக்கே போட்டேன். நடந்து போக வசதியாக இருந்தது. அடுத்த தடவை வந்தவர் அதைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு சேற்றுழவு சமயம். பண்ணையாருக்கு வயசாகிவிட்டது. நில உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போய், பிள்ளைகள் பட்டணம் போய், அவர் ஒருத்தர்தான் இருந்தார். கேட் துருப்பிடித்து நின்றது. அதைப் பூட்டும் பழக்கம் மட்டும் விடவில்லை. டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து உழவை மேற்பார்த்தவர், வண்டி சாய்ந்து வரப்பின் மேல் முதுகடிக்க விழுந்தார். வேலையாட்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். நான் பழக்கத்தில் மூங்கிலையும் வேட்டியையும் எடுத்தேன். என்னோடு அப்போது தம்பி குடும்பமும் கொட்டகையை ஒட்டின வீட்டில்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி அவன் கூப்பிட்டான்.

"அண்ணே, தூளி வேணாம். பலகைய எடுத்துக்கிட்டுப் போ."

"அவனுக்கா?" என்றேன்.

தம்பி என்னை நேராகப் பார்த்தான். "கேட்டைப் பூட்டுனது அவன். தூளியில மடிச்சது நீ. ரெண்டும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா உன் சோத்தைத்தான் திங்கிறேன். நீ போண்ணே."

இப்படி ஒரு வார்த்தையை அவன் வைத்திருந்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் தூக்கினதில் போகவில்லை என்று அவன் ஒரு நாள் சொல்லுவான் என்று காத்துக் கிடந்தவன் நான். அவன் சொன்னது இது. போய் வாய்க்காலிலிருந்து பலகையை உருவினேன், அடியில் பாசி பிடித்திருந்தது. வேனில் போட்டேன். கேட் பூட்டியிருந்தது. சாவிக்கு ஆள் அனுப்பட்டுமா என்றான் என் டிரைவர். தள்ளிக்கோ என்று நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இரண்டு இடி. மூன்றாவது இடியில் கேட் தூணோடு சாய்ந்தது. என் வேனின் முகப்பு நசுங்கியது. அந்த வேனுக்கு நான் செய்த செலவிலேயே எனக்குப் பிடித்த செலவு அதுதான்.

வரப்பில் கிடந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், அடிக்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. மண்டியிட்டு அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். ஊசி போடாத டாக்டர் காட்டிய மாதிரியே உருட்டினோம், கட்டினோம், தூக்கினோம். கால் விரலை அசைக்கச் சொன்னேன், அசைந்தது. வேனில் ஏற்றிய பிறகு ஒரு தடவை கேட்டேன், அப்போதும் அசைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கேட்டேன், அசைந்தது. அந்த மனிதர் சில மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தார். எனக்கு ஒரு வாழைத்தார் அனுப்பினார். மாட்டுக்குப் போட்டேன். அந்தப் பலகை முதன்முதலில் காப்பாற்றியது யாருடைய முதுகை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சேதி தெரிந்து பேராசிரியர் வந்தார். அப்போது படிவம் மாறியிருந்தது. 'வழியில் தடை உண்டா' என்று ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருந்தார். தடை: இரும்புக் கேட். நீக்கிய விதம்: வண்டியால் மோதி. அவர் எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் கத்தியதால்தான் அந்தக் கட்டம் வந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை. "பூட்டினது யாருன்னு எங்க சார்?" என்றேன். அந்தக் கட்டம் இல்லை. "என் தம்பி படிவத்துல இதைச் சேர்ப்பீங்களா?" என்றேன். பழையதைத் திருத்தக் கூடாது, அது முறையில்லை என்றார். பண்ணையார் வீட்டு மத்தியானச் சோறு முறையா என்று கேட்டேன். காது சிவந்தது, படிவத்தைப் பைக்குள் வைத்தார்.

தம்பி செத்தது பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகு. பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனவர்களைத் தம்பி பெண்டாட்டி நிறுத்தினாள். தன்னைப் பலகையில் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறான், மூங்கிலில் வேண்டாம் என்று. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்து, "நீங்க தலைமாட்டுல புடிங்க மாமா" என்றாள். செத்தவனுக்குக் கழுத்து ஆடினால் என்ன? ஆனாலும் சுடுகாடு வரைக்கும் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நடந்தேன். கேட் இருந்த இடத்தில் இப்போது பஞ்சாயத்து ரோடு, சிமெண்டு போட்டது. அங்கேதான் ஊசி போடாத டாக்டர் நின்றிருந்தார், குச்சி மாதிரி இளைத்து. பலகையில் ஒரு கை கொடுக்க வந்தார். "ஆள் இருக்கு சார். நீங்க ஓரமா நில்லுங்க" என்றேன். நின்றார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது, பேனா இருக்கும் இடத்துக்கு. "இதையும் எழுதிக்கங்க" என்றேன். அவர் எழுதவில்லை. சுடுகாட்டில் இறக்கி வைத்தபோது தம்பியின் பாதத்தில் எறும்பு ஒன்று ஊர்ந்தது. குனிந்து தட்டிவிட்டேன்.

மற்றவர்கள் அந்தப் பலகையைச் சிதையிலேயே போட்டுவிடலாம் என்றார்கள். நான் கழுவி எடுத்துவந்தேன். வண்டி எத்தனையோ மாறியது, பலகை மட்டும் வரிசையில் முதலில் நிற்கிற வேனில் இருக்கும். அதன் மேல் யாரும் உட்காரக் கூடாது, என் டிரைவர்களுக்குத் தெரியும். வந்த டாக்டர்களிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். உங்கள் பேராசிரியர் ஒரு காகிதத்தையும் தூக்கி எறியாதவர். என் தம்பியின் அந்த முதல் படிவம் எங்கேயாவது கட்டுக்குள் கிடக்கும். அதைத் தேடிக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் 'கேட் பூட்டியிருந்தது, பூட்டியவர் பண்ணையார்' என்று என் கையாலேயே எழுதுகிறேன். அதற்குக் கீழே 'தூளியில் தூக்கியவன் அண்ணன்' என்றும் எழுதுகிறேன். இரண்டையும் எழுதின காகிதத்தைப் பலகைக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பழையதைத் திருத்துவது முறையில்லையே என்று அவர்களில் ஒருவர் இழுத்தார். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன். பலகை வண்டியில்தான் இருக்கிறது.